கங்காருவுக்கும் நஞ்சுக்கொடி உண்டு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீடென்றால் அந்த வீட்டு ஆண்களும் வாசித்தால் நல்லது.

போன கிழமை தரம் 12 உயிரியல் வகுப்பில் முலையூட்டிகளின் பிரிவுகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முட்டையிடுபவை, பையுள்ளவை, சூல்வித்தகம் உள்ளவை என்று மூன்று. சூல்வித்தகம் என்றால் வீட்டில் நாம் நஞ்சுக்கொடி என்று சொல்வதுதான். எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி மட்டும் கையைத் தூக்கி, "டீச்சர், அப்ப கங்காருவுக்கு சூல்வித்தகமே இல்லையா? குட்டி வயித்துக்குள்ள என்னத்த சாப்பிடும்?" என்று கேட்டாள். பதிலைத் தொடங்கும்போதே மணி அடித்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் என்னுடைய பழைய மாணவி ஒருத்தியின் வீட்டில் நடந்த விடயமும் இதே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. அதனால் இது பிள்ளைகளுக்கு மட்டுமான பாடமில்லை.

முதலில் பதில். கங்காருவுக்குச் சூல்வித்தகம் உண்டு. தொப்புள்கொடியும் உண்டு. வலபி, கோலா, அமெரிக்காவில் வாழும் ஒப்போசம், பையுள்ள எல்லாவற்றுக்குமே உண்டு. "சூல்வித்தக முலையூட்டி" என்ற பெயரை மனிதரும் மாடும் பூனையும் இருக்கும் கூட்டத்துக்கு மட்டும் வைத்தது பழைய காலத்துப் பெயர்க்குழப்பம். பாடநூல்கள் அதை இன்னும் தூக்கிக்கொண்டு வருகின்றன. (பிள்ளைகளே, பரீட்சையில் பாடநூலில் உள்ளபடியே எழுதுங்கள். புள்ளி முக்கியம்.)

விளங்க வேண்டுமானால் ஒரு கோழிமுட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் அடைக்கு வைத்த முட்டை தவறி உடைந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மஞ்சட்கருவின் மேல் சிவப்பு நூல் போல இரத்தக்குழாய்கள் ஓடும். மஞ்சளைச் சுற்றியிருக்கும் அந்தச் சவ்வுதான் கருவூண்பை. குஞ்சுக்குச் சாப்பாடு அதன் வழியாகத்தான் போகிறது. அலந்தோயி என்று இன்னொரு பையும் இருக்கிறது. அது கழிவைச் சேர்த்துவைக்கும், ஓட்டின் உட்பக்கமாகப் பரவிக் குஞ்சு மூச்சுவிடவும் வழி செய்யும்.

இதே இரண்டு பைகள்தான் முலையூட்டிகளிலும் இருக்கின்றன. ஓட்டின் உட்பக்கத்தில் பரவுவதற்குப் பதிலாக அவை தாயின் கருப்பைச் சுவரில் போய் ஒட்டுகின்றன, அவ்வளவுதான். மனிதரில் அலந்தோயியோடு வரும் இரத்தக்குழாய்கள் தொப்புள்கொடியாகிச் சூல்வித்தகத்துக்குப் போகின்றன. கங்காருவில் அந்த வேலையைப் பெரும்பாலும் கருவூண்பையே செய்கிறது. கூர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்த வாதத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். பைகள் ஒன்றுதான் என்பதை யாரும் கண்ணால் பார்க்கலாம். ஐந்து, ஆறு வாரக் கர்ப்பத்தில் ஸ்கேன் எடுத்த தாய்மார், திரையில் டொக்டர் காட்டிய சின்ன வெள்ளை வளையத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். அதுதான் நம்முடைய கருவூண்பை. நம் உடம்பின் முதல் இரத்த அணுக்கள் உருவானதும் அதன் சுவரில்தான்.

கங்காரு இனத்தில் ஒரு புதினம் இருக்கிறது. முளையத்தைச் சுற்றி மெல்லிய ஓடு ஒன்று உண்டு. கோழிமுட்டை ஓடு போலக் கெட்டியானதல்ல, தோல் மாதிரி ஒரு உறை. தென் அவுஸ்திரேலியாவின் கங்காரு தீவில் வாழும் தமார் வலபியைத்தான் விஞ்ஞானிகள் இதற்காக அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் கர்ப்பம் ஏறக்குறைய 26 நாள். அதில் முதல் 18 நாளும் முளையம் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. கருப்பை சுரக்கும் திரவம் உறையினூடாக ஊறி உள்ளே போகும், அதுதான் சாப்பாடு. பிறகு உறை கிழிகிறது, கருவூண்பை தாயின் கருப்பைச் சுவரைத் தொடுகிறது. தொட்டபடி இருப்பது ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூட. அதற்குள் பிறந்துவிடுகிறது.

ஏன் இவ்வளவு அவசரம்? இதற்கு ஒரு நல்ல பதில் 2017இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வில் இருக்கிறது. அவர்கள் பார்த்தது சாம்பல்நிற ஒப்போசம் ஒன்றை. அதன் கர்ப்பமே இரண்டு வாரம்தான். உறை கிழிந்து குட்டியின் சவ்வு கருப்பையைத் தொட்டதும், காயம் பட்ட இடம் அழலுவது போலக் கருப்பை அழலுகிறது. அந்த அழற்சி ஏறிக்கொண்டே போய்ப் பிரசவத்தில் முடிகிறது. மனிதத் தாயிலும் கரு ஒட்டும்போது இதே அழற்சி தொடங்குகிறது. ஆனால் நம்மில் அது அடக்கப்பட்டு, கருப்பை ஒன்பது மாதம் அமைதியாக இருக்கிறது. நான் இதை முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். தன்னுடையது பாதி, அந்நியம் பாதியான ஒரு உயிரைத் தாயின் உடம்பு அத்தனை மாதம் பொறுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம்!

எல்லாப் பையுள்ள விலங்குகளும் ஒரே மாதிரி என்றும் சொல்ல முடியாது. பாண்டிகூட் என்று எலி போன்ற மூக்குள்ள ஒரு பிராணி. அதில் கருவூண்பையோடு அலந்தோயியும் போய்க் கருப்பையில் ஒட்டி, நம்முடையதைப் போன்ற சூல்வித்தகம் கடைசி நாட்களில் உருவாகிறது. ஜே. பி. ஹில் என்ற விஞ்ஞானி இதை 1890களிலேயே எழுதிவைத்துவிட்டார். அதன் கர்ப்பம் என்ன நீளமா? இல்லை, வெறும் பன்னிரண்டரை நாள்! ஆகச் சூல்வித்தகத்தின் வகையை வைத்து "இது கீழ்ப்படி, அது மேற்படி" என்று ஏணி கட்ட முடியாது.

இனிப் பிறக்கும் குட்டியைப் பாருங்கள். தமார் வலபியின் குட்டி பிறக்கும்போது 0.4 கிராம், அதாவது ஒரு பனடோல் குளிசையைவிடப் பாரம் குறைவு. மனிதன் உயரம் நிற்கும் செங்கங்காருவின் குட்டிகூட ஒரு கிராமைத் தொடாது. ஜூலியா கிரீக் டன்னார்ட் என்ற சின்னப் பிராணியின் குட்டி 17 மில்லிகிராம், கிட்டத்தட்ட ஒரு அரிசிமணி. பிறந்த புதிதில் அது மூச்சு விடுவதே பெரும்பாலும் தோலால்தான், ஏனென்றால் நுரையீரல் இன்னும் தயாரில்லை. கண் இல்லை, காது இல்லை, பின்னங்கால்கள் வெறும் மொட்டு. ஆனால் முன்னங்கைகளும் வாயும் மட்டும் அவசரமாக வளர்ந்திருக்கும். அந்தக் கைகளால் ரோமத்தைப் பிடித்துப் பிடித்துத் தானே பைக்குள் ஏறி முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. காம்பு வாய்க்குள் பருத்துவிடும், பல வாரங்களுக்கு விடாது. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. பைதான் சூடு.

சூல்வித்தகம் பாதியில் விட்ட வேலையை யார் முடிக்கிறார்கள்? பால்.

இது சும்மா அலங்காரப் பேச்சல்ல. தமார் வலபியின் பால் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆரம்பத்தில் தண்ணீர் மாதிரி, கொழுப்புக் குறைவு. குட்டி பையைவிட்டு வெளிவரும் காலத்தில் கொழுப்புக் கூடிய தடித்த பால். சின்னக் குட்டியை எடுத்து, அதிலும் மூத்த குட்டிக்குப் பால் கொடுக்கும் வேறொரு தாயிடம் ஒட்டவைத்துப் பார்த்தார்கள். அது வேகமாக வளர்ந்தது. வளர்ச்சியின் கடிகாரம் பாலில் இருக்கிறது. செங்கங்காருவோ இன்னும் ஒருபடி மேலே. ஓடித்திரியும் குட்டிக்கு ஒரு காம்பில் ஒரு பால், பைக்குள் இருக்கும் பச்சைக் குட்டிக்குப் பக்கத்துக் காம்பில் வேறு பால், ஒரே நேரத்தில். அதோடு வயிற்றில் வளராமல் நிறுத்திவைத்த இன்னொரு முளையம். (தமார் வலபி அந்த முளையத்தை 11 மாதம்வரை நூறு கலத்தோடு நிறுத்திவைத்திருக்கும். எங்கள் வீட்டு பிரிஜ்ஜில் கறிகூட அவ்வளவு நாள் தாங்காது.)

2017இலேயே ஸ்டான்போர்ட், மெல்பேர்ன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து இதை மரபணு அளவில் பார்த்தார்கள். நம் போன்ற முலையூட்டிகளின் சூல்வித்தகத்தில் வேலை செய்யும் பல மரபணுக்கள், வலபியின் சூல்வித்தகத்திலும் வேலை செய்கின்றன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் நம் சூல்வித்தகத்தில் வேலை செய்பவை சில, வலபியில் பால்சுரப்பியில் வேலை செய்கின்றன. ஒரு பிள்ளையை முழுதாக்கும் வேலையைத் தாயின் உடம்பு இரண்டு இடத்தில் செய்கிறது, வயிற்றில் கொஞ்சம், மார்பில் கொஞ்சம். எந்த இடத்தில் எவ்வளவு என்பதுதான் இனத்துக்கு இனம் வித்தியாசம்.

நம் மார்க்கத்தில் பால்குடி உறவு இருக்கிறது. ஒரு பெண் இன்னொருத்தியின் கைக்குழந்தைக்குப் பாலூட்டினால் அவள் அந்தப் பிள்ளைக்குத் தாய், அவளுடைய பிள்ளைகள் சகோதரர்கள், திருமணம் கூடாது. சூரத்துல் பகராவில் பாலூட்டலுக்கு முழுதாக இரண்டு வருடம் சொல்லப்பட்டிருப்பதும் எல்லாருக்கும் தெரியும். இதை எடுத்து "விஞ்ஞானம் இப்போதுதான் கண்டுபிடித்தது" என்று வட்ஸ்அப்பில் அனுப்பும் வேலையை நான் செய்யமாட்டேன். பாலூட்டியவளும் தாய் என்று நம் வீடுகளில் காலங்காலமாக நினைத்து நடந்திருக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சரி, பழைய மாணவியின் விடயத்துக்கு வருகிறேன்.

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருக்கிறாள். படிப்பில் கெட்டிக்காரி. சாதாரண தரத்தோடு நின்றுவிட்டாள், கலியாணமும் நடந்துவிட்டது, கொழுந்து பறிக்கப் போனாள். மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து அழைப்பு. "டீச்சர், ஏழு மாசத்திலயே பிறந்துருச்சு. ஒரு கிலோ நானூத்தம்பது தான்" என்றாள். பிள்ளை கண்ணாடிப் பெட்டியில். சில நாள் கழித்துப் பிள்ளை கொஞ்சம் தேறியதும், நேர்ஸ் மிஸி "கங்காரு தாய்ப் பராமரிப்பு" செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு நெப்கினும் தொப்பியும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்து, துணியால் சேர்த்துக் கட்டி, நாள் முழுக்க வைத்திருப்பது.

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த அழைப்பில் அவரே பேசினார். "ஏங்க டீச்சர், எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் கங்காரு? நாங்க என்ன மிருகமா? பெட்டியில வைக்கிறதுக்கு நாங்க காசு பணம் இல்லாதவங்கன்னு தானே இப்படி செய்றாங்க?"

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அறுபது வயதுவரை கிடைத்த அனுபவம் அப்படி. நல்லது வேறு யாருக்கோ போகும், நமக்கு மிச்சம்தான் வரும் என்பதை அவர் கண்டு பழகியவர். அதிலும் கங்காரு என்ற பெயர் வேறு.

அந்தக் கதை தொடங்கிய இடத்தையும் அவருக்கு மறைக்காமல்தான் சொன்னேன். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், ஏழைத் தாய்மார் வரும் ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரி. கண்ணாடிப் பெட்டிகள் போதவில்லை, ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகள், கிருமி தொற்றி இறப்பு. எட்கர் ரே சனப்ரியா என்ற டொக்டர், பிள்ளையைத் தாயின் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். ஆம், இல்லாமையில் தொடங்கியதுதான். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடந்தது. எல்லாம் பெட்டியும் கருவியும் உள்ள இடங்கள். 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள். பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தது 12 சதவீதம். முதலில் பெட்டியில் வைத்துத் தேறிய பிறகு மார்புக்கு மாற்றியவர்களில் 15.7 சதவீதம். அதற்கு அடுத்த வருடம் உலக சுகாதார ஸ்தாபனம், குறைமாத, எடை குறைந்த பிள்ளைகளுக்கு நாளில் 8 மணித்தியாலம் முதல் 24 மணித்தியாலம்வரை இப்படி வைத்திருக்கச் சொன்னது. பணக்கார நாடுகளிலும் இப்போது இதுதான் நடக்கிறது.

"அம்மா, நீங்க கொழுந்து பறிச்ச காலத்துல பிள்ளை மடுவத்துல பிள்ளைய விட்டுட்டு, படங்கோட ஓடி வந்து பால் குடுத்துட்டுப் போனீங்கதானே?" என்று கேட்டேன். "ஆமா, மழையில நனைஞ்சு ஓடுவோம்" என்றார். "கங்காரு அந்த ஓட்டம் இல்லாம, மடுவத்தையே வயித்துல கட்டிக்கிட்டுப் போகுது. நஞ்சுக்கொடி செய்யாத மிச்ச வேலைய அங்க வச்சு பாலாலயும் சூட்டாலயும் செஞ்சு முடிக்குது. உங்க பேரப்பிள்ளைக்கும் ரெண்டு மாச வேலை மிச்சம் இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப ராத்திரியில அவ தூங்கணுமே, யாரு வச்சிருக்கிறது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. தகப்பன் வைத்திருக்கலாம், பாட்டியும் வைத்திருக்கலாம். சூடு எல்லார் உடம்பிலும் ஒன்றுதான். வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தகப்பன் சட்டையைக் கழற்றி, பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்க, லயத்துப் பொடியன்கள் சிரித்தார்களாம். மாமியாரே விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு விரட்டினாராம். ஹப்புத்தளை, வெலிமடை, நமுனுகுலைப் பக்கத்து இரவுக் குளிர் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தோலுக்குக் கீழே கொழுப்பில்லாத ஒன்றரைக் கிலோப் பிள்ளைக்கு அந்தக் குளிரே ஆபத்து. வீட்டில் இதைச் செய்கிறவர்கள் கட்டாயம் ஆஸ்பத்திரியில் மிஸியிடம் முறையைப் பழகிக்கொண்டு வாருங்கள். பிள்ளையின் தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மடங்காமல், மூச்சு தடைப்படாமல் இருக்க வேண்டும்.

தோட்டங்களில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளின் வீதம் எப்போதும் நாட்டின் சராசரியைவிட அதிகம். இதற்கு "அவங்க பரம்பரையே சின்ன உடம்பு" என்று டவுனில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. மனிதச் சூல்வித்தகம் நிறைமாதத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும் ஓர் உறுப்பு. தாயின் இரத்தத்தில் இருப்பதைத்தான் அதனால் எடுத்துக் கொடுக்க முடியும். தாய்க்கு இரத்தச்சோகை என்றால் அது தன்னைப் பெரிதாக்கிக்கொண்டு ஈடுகட்டப் பார்க்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, உடனே ஒரு கோப்பை பிளேன்டீயும் குடித்தால், சாப்பாட்டில் இருந்த கொஞ்ச இரும்புச்சத்தையும் தேயிலை உடம்பில் சேரவிடாது. கர்ப்பிணிகள் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள், இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். கிளினிக்கில் தரும் திரிபோஷா பக்கெட்டை வீட்டில் எல்லாருக்கும் பங்குபோடும் பழக்கம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பசிக்கிற வீட்டில் அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கெட் சூல்வித்தகத்துக்குப் போக வேண்டியது.

இன்னொன்றும் இருக்கிறது, இது சட்டம். நம் நாட்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது, இல்லையென்றால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. அது வேலை நேரமாகவே கணக்கு. தோட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தொழிற்சங்கத்தில் இருக்கும் நண்பர்கள் இந்தப் பதிவை வாசித்தால், தயவுசெய்து மடுவத்துச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

என் மாணவியின் பிள்ளை இப்போது நாலு கிலோ முந்நூறு. தாய்ப்பால் மட்டும்தான். அடுத்த மாதம் அவள் மறுபடி மலைக்குப் போகிறாள். மலையிலிருந்து லயத்துக்கு நடந்து வரவே இருபது நிமிடம் ஆகுமாம், அந்தப் பக்கத்து மடுவம் பூட்டிக் கிடக்கிறதாம். அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியாலம் அவளுக்கு உரியது. இதைக் கங்காணியிடம் கேட்டிருக்கிறாள். "பாத்து சொல்றேன்" என்றாராம். போன ஞாயிறு மாமியாரும் அவரிடம் போயிருக்கிறார்.